தோளில் வலித்த மண்ணீரல்

அத்தியாயம் 9

கல்லீரலை என் கையில் வைத்துவிட்டு, "கெட்டியா பிடிங்க சார், கீழ போட்டுடாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"அம்மாடி, இவ்வளவு பெருசா! எனக்கு வயித்துக்குள்ள ரெண்டே உறுப்புதான் தெரியும். ஒண்ணு பசி, இன்னொண்ணு பயம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நாளும் அல்ல அது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய கணவன் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தன் மாமனாரைத் தானே தள்ளிக் கொன்றதாகச் சொல்லப் போகிறான். சொல்லிவிட்டால் பத்து வருடம் உள்ளே. அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீலும் கையை விரித்துவிட்டார். தானாகப் போய்க் கழுத்தை நீட்டுகிறவனைக் காப்பாற்ற நாங்கள் யார்? ஆனாலும் அவள் எங்கள் அலுவலகப் படியேறி வந்து, "அவர் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டார். ஏன் இப்படிச் சொல்றார்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று அழுதாள். மேடம் சரி என்றுவிட்டார். எட்டு நாள் அலைந்தோம். எட்டு நாளும் வீண்.

மேடம் என்றால் என் முதலாளி. இருபது வருடம் விபத்து இழப்பீட்டு விசாரணையில் இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. தீப்பிடித்த வீட்டிலிருந்துகூடச் செருப்பை ஜோடி பார்த்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். எனக்கு வைத்த பெயர் 'வால்'. காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது இறந்தவரின் பட்டறை. மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித உடலின் மாடல் செய்கிற இடம். தலையும் கைகாலும் இல்லாத உடலை இங்கே 'முண்டம்' என்கிறார்கள். என் கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. முண்டத்தின் முன்பக்கத்தைக் கழற்றினால் கல்லீரல், இரைப்பை, குடல் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். நாற்பது வருடமாகப் பெரியவர் அச்சில் வார்த்தார். ரத்தக்குழாய்களுக்கு நிறம் தீட்டுவது மகள். அப்பாவும் மகளும் மட்டும்தான், வேலைக்கு வேறு ஆள் கிடையாது. அவர் செத்த நாளிலிருந்து பட்டறை பூட்டியே கிடந்தது. எல்லாவற்றின் மேலும் ஆறு வாரத் தூசி.

ஆறு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. பட்டறை வாசலில் மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்துக் கத்தினான். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் இரண்டு கையும் பெரியவரின் மார்பில் இருந்தன, பெரியவர் சரிந்தார். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் இரண்டரை லிட்டர் ரத்தம், மண்ணீரல் கிழிந்திருந்தது என்கிறது பிரேதப் பரிசோதனை அறிக்கை. யார் அடித்தது என்று டாக்டர் கேட்ட மாத்திரத்தில் மாப்பிள்ளை 'நான்தான்' என்றான். போலீஸுக்கு இதைவிடச் சுலபமான கேஸ் கிடைக்குமா?

"அந்த மண்ணீரலைக் காட்டும்மா" என்றார் மேடம்.

மகள் இரைப்பையைக் கழற்றி என் இன்னொரு கையில் கொடுத்தாள். அதற்குப் பின்னால், இடது விலாவுக்கு அடியில், கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கைப்பிடி அளவுக்கு ஒன்று ஒளிந்திருந்தது. அதற்குள் போய்ச் சேர்ந்த சிவப்புக் குழாய் வழியெல்லாம் நெளிநெளியாக இருந்தது.

"தீட்டும்போது கை நடுங்கிடுச்சா?" என்றேன்.

முறைத்தாள். தொழிலைத் தொட்டால் அழுகை நின்றுவிடும் போலிருக்கிறது. "அது அப்படித்தான் சார் இருக்கும். பெருந்தமனியில இருந்து குட்டையா ஒரு கிளை வரும். வந்ததுமே மூணாப் பிரியும். ஒண்ணு இரைப்பைக்கு, ஒண்ணு கல்லீரல் பக்கம், ஒண்ணு கணையத்தோட மேல்விளிம்பை ஒட்டியே ஓடி மண்ணீரலுக்கு. நல்லா சாப்பிட்டா இரைப்பை உப்பும், மண்ணீரல் கொஞ்சம் நகந்து இடம் குடுக்கும். குழாய் நேரா இருந்தா இழுபடும் இல்ல? அதுக்குத்தான் நெளிவு."

"இத்தனூண்டுக்கு இவ்வளவு தடிக் குழாயா?"

"நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் ரத்தம் போகும் சார். வயசான ரத்த அணுவையெல்லாம் இதுதான் சலிச்சு எடுக்கும். திரும்புற ரத்தம் நேரா இதயத்துக்குப் போக முடியாது. கல்லீரல் வழியாப் போய்த்தான் ஆகணும்."

"சுங்கச்சாவடி."

"மேல என்ன பளபளப்பு?" என்றார் மேடம்.

"உறை மேடம். அதுக்குன்னு தனியா ஒரு கோட் வார்னிஷ் அடிப்போம்."

மேடம் தலையாட்டிவிட்டு ஆணியில் தொங்கிய பெரியவரின் வேலை அங்கியை எடுத்து முகர்ந்தார். நான் பார்த்த துப்பறிவாளர்களில் பூதக்கண்ணாடியைவிட மூக்கை அதிகம் நம்புகிறவர் இவர் ஒருவர்தான்.

"தைலம். இடது தோள்ல மட்டும் ஊறியிருக்கு."

"கடைசி வாரம் பூரா தோள் வலின்னு சொன்னார் மேடம். அச்சு தூக்கித் தூக்கி வந்த வலின்னு தினமும் நான்தான் தேச்சு விட்டேன்."

"அப்பாவுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"வலது."

"ம்" என்றார் மேடம். அவருடைய 'ம்' ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குச் சமம். சுவரோரம் இருந்த உலர்த்தும் அலமாரியைப் பார்த்தார். ஐந்து தட்டு. கூரைக்குப் பக்கத்தில் சூடு அதிகம் என்பதால் வார்த்ததை மேல்தட்டில்தான் காய வைப்பார்களாம். ஒவ்வொன்றின் அடியிலும் கிழமையும் தேதியும் பென்சிலில் எழுதுவது பெரியவரின் வழக்கம்.

"வால், ஏறு. மேல்தட்டுல கடைசியா இருக்கிறது என்ன கிழமை?"

கல்லீரலையும் இரைப்பையையும் மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். "திங்கள் மேடம். அவர் செத்த வாரம்தான்."

"இடம் இருக்கா?"

"குடும்பத்தோட குடியேறலாம்."

"கீழே இடுப்பு உயரத் தட்டுல முதல்ல இருக்கிறது?"

இறங்கிப் பார்த்தேன். செவ்வாய். அதற்குப் பிறகு புதன், வியாழன், வெள்ளி எல்லாமே அங்கேதான். மேலே தாராளமாக இடம் கிடக்க, காற்றுகூட வராத கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த மனிதரால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

"திங்கட்கிழமை என்னம்மா நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலையே மேடம். வேலைதான். முண்டத்துக்கு அச்சு மாத்தினோம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

மேடத்தின் சும்மா ஒரு நாளும் சும்மாவாக இருந்ததில்லை. மூலையில் நின்ற ஒரு பெரிய அச்சின் மேல் சாய்ந்திருந்த நான், முழங்கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.

பிணவறையில் எங்களுக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. 'கத்தரி' என்றால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். முப்பது வருடமாக அங்கே உடலைத் திறப்பதும் தைப்பதும் அவர்தான். நாங்கள் போனபோது கழுவிய கையுறைகளை வரிசையாகக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மாடல்காரரா? ஞாபகம் இருக்கும்மா. அன்னிக்கு அஞ்சு கேஸ். டாக்டர் வாசல்ல நின்னுக்கிட்டார். நான் உள்ளே இருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டார்."

"மண்ணீரல் எடை?"

பதிவேட்டைப் புரட்டினார். "முன்னூத்தி அறுபது கிராம்."

"வழக்கமா?"

"நூத்தம்பது இருக்கும். மிஞ்சிப்போனா இருநூறு."

"மீதி?"

கத்தரி வாசலைப் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார். "கட்டின ரத்தம்மா. ரெண்டு தினுசு. வயித்துக்குள்ள கிடந்தது புதுசு, நல்ல சிவப்பு. மண்ணீரல் உறைக்கு அடியில இருந்தது பழசு. கறுப்பா, அடுக்கடுக்கா, கத்தி போட்டா ரப்பர் மாதிரி. அது அஞ்சாறு நாள் ரத்தம். முதல்ல உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு, உறை தாங்கிப் பிடிச்சிருக்கு. அது ஊறி ஊறி, ஒரு நாள் உறையும் விட்டுடுச்சு. அதுக்கு யாரும் தள்ள வேண்டாம். இருமினாலே போதும்."

நான் துள்ளிவிட்டேன். "அப்போ மாப்பிள்ளை தப்பிச்சான்!"

"மெதுவா தம்பி. இங்க படுத்திருக்கறவங்க யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. பக்கத்து ரூம்ல டாக்டர் எழுந்திரிச்சிடுவார்."

"தோள் வலி?" என்றார் மேடம்.

"இடது தோளா? வலிக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா கசியற ரத்தம் மேலே உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பு கழுத்துல இருந்து இறங்கி வருது. மூளைக்குத் தோள் வலிக்குதுன்னுதான் தகவல் போகும்."

"நாப்பது வருஷமா மண்ணீரல் செஞ்ச மனுஷனுக்கு இது தெரியலையே!" என்றேன்.

"அச்சுல வலி வராது தம்பி" என்றார் கத்தரி.

மேடம் அடுத்த கேள்விக்குப் போனார். "அந்த மண்ணீரலை ஜாடியில எடுத்து வெச்சீங்களா?"

"வெச்சேன். ஒரு மாசம் வெப்போம். போலீஸ்ல இருந்து யாரும் கேட்டு வரல. போன வெள்ளிக்கிழமை உலையில போட்டு எரிச்சாச்சு."

போன வெள்ளிக்கிழமை நாங்கள் தையல்காரர் கடையில் உட்கார்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடி பவரை விசாரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு என் தலையை அந்த உலையிலேயே வைக்கலாம் போல இருந்தது.

"அறிக்கையில பழைய ரத்தம்னு ஒரு வார்த்தை இல்லையே?"

"நான் சொன்னேன். அவர் எழுதல. அஞ்சாவது கேஸ்ம்மா, அவருக்குப் பசி."

"கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

கத்தரி கடைசிக் கையுறையை மாட்டினார். நெடுநேரம் அதன் விரல்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "எழுதாததை நான் சொன்னா டாக்டர் பொய்யராயிடுவார். அடுத்த ஜாடியில நான்தாம்மா இருப்பேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மன்னிச்சிடுங்க."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பதிவேட்டில் எடை மட்டும் இருந்தது. எடையைப் பார்த்து ரத்தத்தின் வயதைச் சொல்ல யாராலும் முடியாது.

"ஒரு வழி இருக்கு" என்றார் மேடம், வேனை ஓட்டிக்கொண்டே. வேனை என்னிடம் தரமாட்டார். ஒருமுறை தந்தார், ஒரு காம்பவுண்டுச் சுவர் போய்விட்டது. "திங்கட்கிழமை அவரை அடிச்சது யார்னு தெரிஞ்சா, அந்த ஆளை ஒப்புக்க வைக்கலாம். மாப்பிள்ளைக்கு ஏதோ தெரியும். தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டிருக்கான்."

மூன்று மணிக்குச் சிறையில் பத்து நிமிடம் கிடைத்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான் மாப்பிள்ளை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன். ஆறு வாரத்தில் சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்டிருந்தது.

"தம்பி, உங்க மாமாவை நீங்க கொல்லல" என்றார் மேடம். "மண்ணீரல் திங்கட்கிழமையே கிழிஞ்சிருக்கு. சனிக்கிழமை உறை விட்டுடுச்சு, அவ்வளவுதான்."

அந்த முகம் மலரப் போகிறது என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் பார்த்த பிளாஸ்டர் மாதிரி வெளுத்துப் போயிற்று.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க மேடம். உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், சொல்லாதீங்க."

மேடம் பேசாமல் இருந்தார். எதிரில் இருப்பவனைப் பேச வைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். வலையைப் பிடித்துக்கொண்டு அவன் பேசினான்.

"திங்கட்கிழமை மத்தியானம் அவளுக்கு ஃபோன் பண்ணினேன். சாயங்காலம் வர்றப்ப ஏதாவது வாங்கிட்டு வரணுமான்னு கேக்கத்தான், வேற ஒண்ணும் இல்ல. அப்போ அவளும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு அச்சைத் தூக்கி மேஜையில ஏத்திட்டிருந்தாங்க. நாப்பது கிலோ மேடம் அது. ஃபோன் அடிச்சதும் இவ ஒரு கையை எடுத்துட்டா. இவ பக்கம் மேஜை ஓரத்துல மோதி, மறுமுனை திரும்பி மாமாவோட இடது விலாவுல இடிச்சிடுச்சு. ராத்திரி சாப்பிடறப்ப அவளேதான் சொன்னா. 'உங்களாலதான் அச்சு மூலை உடைஞ்சுது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. மாமா ஒண்ணுமில்லைன்னுட்டாராம்."

காலையில் 'ஒண்ணும் நடக்கலையே' என்று சொன்ன குரல் காதில் கேட்டது. அவள் மறைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அன்று உடைந்தது ஒரு அச்சு மூலை மட்டும்தான்.

"சனிக்கிழமை என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"மாமாவைப் பார்க்கப் போனேன். அவ சாப்பாடு எடுத்துட்டு வர வீட்டுக்குப் போயிருந்தா. முகமே சரியில்ல. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன், வேலை முடியட்டும்னு பிடிவாதம் பிடிச்சார். கத்தினேன். அப்படியே சரிஞ்சார். ரெண்டு கையாலயும் தாங்கினேன் மேடம். தள்ளல, தாங்கினேன்."

"அதைச் சொல்றதுக்கு என்னய்யா?" என்று நான் கத்திவிட்டேன். காவலர் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து, இடது விலாவுல பலமா அடிபட்டிருக்கு, யார் அடிச்சதுன்னு கேட்டார் சார். அவ என் பக்கத்துல நின்னா. யோசிக்க ஆரம்பிச்சா. அவ யோசிச்சா புருவம் ரெண்டும் ஒண்ணு சேரும். அது சேர்றதுக்குள்ள நான் சொல்லிட்டேன்."

"இது விபத்து தம்பி. அவ மேல கேஸ் வராது."

"கேஸ் வராது. தூக்கம் வருமா? அம்மா முகம் பார்க்காத பொண்ணு, அப்பாதான் அவளுக்கு எல்லாம். நான் பத்து வருஷத்துல வெளிய வந்துடுவேன் மேடம். அவ அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள போய் மாட்டிக்கிட்டா சாகிறவரைக்கும் வெளிய வரமாட்டா. ஃபோன் பண்ணினது நான்தானே? நானே இருந்துட்டுப் போறேன்."

மணி அடித்தது. எழுந்து போனான்.

வேனில் ஏறிய மேடம் சாவியை நுழைத்துத் திருகினார், மறுபடி திருகினார், வண்டி கிளம்பவில்லை. எட்டிப் பார்த்தேன். அலுவலக அறைச் சாவி. பதினோரு வருடத்தில் அவர் இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"சொன்னா என்ன கிடைக்கும்?" என்றார், சாவியை வெளியே எடுக்காமலே. "ஜாடி இல்ல. கத்தரி வரமாட்டார். மாப்பிள்ளை எல்லாத்தையும் மறுப்பான். மிச்சம் இருக்கிறது அவ வாய்வார்த்தை. புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி கதை கட்டறான்னு ஒரே வரியில தூக்கிப் போட்டுடுவாங்க. புருஷனும் கிடைக்க மாட்டான், தூக்கமும் போயிடும்."

"அப்போ?"

"ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லிடுவோம்."

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "இதுக்குப் பேர் துப்பறியறதா மேடம்? கண்டுபிடிச்சதை நாமளே குழி தோண்டிப் புதைக்கிறதுக்கு எட்டு நாள் எதுக்கு அலைஞ்சோம்?"

"வேற வழி இருந்தா சொல்லு, கேக்கறேன்."

பட்டறை வரும்வரை யோசித்தேன். என் வாய்க்கு வேலையில்லாத பயணம் அது ஒன்றுதான்.

ஐந்தரை மணிக்குக் கதவு திறந்தே இருந்தது. தரையெல்லாம் துடைத்திருந்தாள். உலர்த்தும் அலமாரியிலிருந்த கல்லீரல்கள் மேஜைமேல் கிழமை வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம் விரித்துக் கிடந்தது. நான் காலையில் சாய்ந்து நின்ற பெரிய அச்சு மூலையிலிருந்து நடுக்கூடத்துக்கு வந்திருந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் மேடம். "ஒண்ணும் கிடைக்கல."

"பொய் சொல்லாதீங்க மேடம்."

அவளுடைய இரண்டு புருவமும் ஒன்று சேர்ந்திருந்தன.

"எந்தத் தோள்னு கேட்டீங்க, எந்தத் தட்டுன்னு பார்த்தீங்க, திங்கட்கிழமை என்ன நடந்ததுன்னு கேட்டீங்க. நீங்க போனதுக்கப்புறம் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். நாப்பது வருஷமா இதைப் பார்த்துத்தான் மேடம் செய்யறோம். நிறம் பார்க்கவும் அளவு பார்க்கவும் புரட்டுவோம். படத்துக்குக் கீழ எழுத்து இருக்கே, அதை ஒரு நாளும் படிச்சதில்ல. இன்னிக்குத்தான் படிச்சேன். மண்ணீரல் படத்துக்குக் கீழ நாலு வரி. இடது தோள்ல வலின்னு மூணாவது வரியில போட்டிருக்கு."

குனிந்து அச்சின் மூலையைக் காட்டினாள். பழுத்த பிளாஸ்டரில் அந்த இடம் மட்டும் புது வெள்ளையாக இருந்தது. அதன் மேல் பென்சிலில் திங்கள் என்றும் தேதியும் எழுதியிருந்தது.

"உடைஞ்ச மூலையைப் பூசிட்டு அப்பா இதுக்கும் கிழமை எழுதியிருக்கார் பாருங்க. எதைச் செஞ்சாலும் எழுதிடுவார்." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு நாள் மேடம். உள்ளே ரத்தம் கசிஞ்சுக்கிட்டிருந்தது, நான் தோளைத் தேச்சு விட்டுக்கிட்டிருந்தேன். இப்ப பரவாயில்லம்மான்னு சொன்னார். ஒவ்வொரு நாளும் சொன்னார்."

அவள் அழுதாள். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முண்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை ஒளிக்க என்னிடம் ஜோக் எதுவும் கைவசம் இல்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

கேட்டுவிட்டு மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இந்த வித்தை தன்மேலேயே திரும்பும் என்று தெரியாது போலிருக்கிறது. கடைசியில், "தெரியும்மா" என்றார்.

"அதான் அவ்வளவு அவசரமா சொன்னாரா. முட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் போய்ச் சொல்றேன்."

மேடம் எதையும் மறைக்கவில்லை. ஜாடி எரிந்ததை, கத்தரி வராததை, அவன் மறுப்பான் என்பதை, யாரும் நம்பமாட்டார்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"நம்ப வேண்டாம் மேடம். நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். வக்கீல் வீடு எங்க? இப்பவே போகலாம். இதையும் எடுத்துக்கிட்டுப் போகணும். அப்பா கையெழுத்து இருக்கு." அச்சின் ஒரு பக்கத்தில் போய்க் குனிந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சார், அந்தப் பக்கம் பிடிங்க."

அந்தப் பக்கம் என்றால் அப்பாவின் பக்கம். பிடித்தேன். தூக்கினோம். நாற்பது கிலோ என்றால் காதில் சின்னதாகத்தான் கேட்கிறது.

வாசற்படியில் ஒரு கால் வைத்தபோது என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். மேடம் வேன் கதவைத் திறந்தபடி அங்கேயே நின்றார். எதிர்க்கடையில் தையல் மெஷின் ஓய்ந்தது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய பத்து விரலும் அச்சின் விளிம்பில் ரத்தம் வற்றி வெளுத்திருந்தன. "விட்டுடாதீங்க" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது.

"விட மாட்டேம்மா" என்றேன்.

அது அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் நடந்தோம். வேனின் பின்பக்கத்தில் பழைய போர்வையை விரித்து அச்சை வைத்தோம். அவளும் ஏறி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முன்பக்கம் வந்து ஃபோனைப் பார்த்தேன். அழைத்தது வக்கீல். எடுக்கவில்லை என்றதும் எழுதி அனுப்பியிருந்தார். 'நீங்க பார்த்துட்டுப் போன அரை மணி நேரத்துல என்னை வரச்சொல்லி ஒப்புதல் மனுவுல கையெழுத்துப் போட்டுட்டான். மனுவைக் குடுத்தாச்சு. நாளைக்குச் சாட்சி யாரையும் கூப்பிட மாட்டாங்க. தீர்ப்பு மட்டும்தான். வர வேண்டாம்.'

மேடத்திடம் நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சரியான சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினார்.

"மேடம்" என்றாள் அவள் பின்னாலிருந்து. "மெதுவா ஓட்டுங்க. இது உடைஞ்சா என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"சரிம்மா" என்றார் மேடம். தெருமுனை தாண்டும்வரை முதல் கியரிலேயே ஓட்டினார்.